சுமை தூக்கும்போது முதுகுத் தசைகளில் ஏற்படும் விசை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கோயம்புத்தூர் மாவட்டத்தின் காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை வட்டாரத்தில் வாழை, தென்னை, பாக்கு, கறிவேப்பிலை, காய்கறிகள் ஆகியவை பெருமளவில் பயிராகின்றன. மேட்டுப்பாளையம் மண்டிகளில் உருளைக்கிழங்கு மூட்டைகள் நாள்தோறும் ஏற்றி இறக்கப்படுகின்றன. வாழைத்தார் வெட்டுபவர், மூட்டை சுமப்பவர், தக்காளி டிப்பர் அடுக்குபவர், வீட்டில் தண்ணீர் கேன் தூக்குபவர், படுக்கையில் உள்ள பெற்றோரைத் தூக்கி அமர்த்துபவர் என இங்கு வாழும் பலருக்கும் சுமை தூக்குதல் அன்றாடப் பணியாகும். இடுப்புவலியும் இவர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர். மனிதர்களின் இயல்பான செயல்பாட்டை முடக்கும் காரணங்களில் இதுவே முதலிடம் வகிக்கிறது.

"இவ்வளவு சிறிய எடையைத் தூக்கியதற்கா இடுப்பு பிடித்துக்கொண்டது?" என்று பலரும் வியப்புடன் கேட்கின்றனர். தம் உடல் பலவீனமானது என்றும் சிலர் எண்ணி வருந்துகின்றனர். முதுகுத் தசைகள் தாங்கும் விசை, தூக்கும் எடையை மட்டும் பொறுத்தது அன்று. அந்த எடை முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் அது பொறுத்தது. இதன் காரணத்தையும், அன்றாட வாழ்வில் இதனைப் பயன்படுத்தும் முறைகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

முதுகின் அமைப்பு

முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண் ஆகும். கீழ்முதுகில் ஐந்து பெரிய முள்ளெலும்புகள் உள்ளன. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற ஒரு தட்டு (டிஸ்க்) அமைந்துள்ளது. அதன் நடுப்பகுதி நீர்த்தன்மை மிக்க கூழ்ப்பொருள். வெளிப்பகுதி பல அடுக்கு நார்களால் ஆன உறுதியான வளையம். மேலுடலின் எடையும் தசைகளின் இழுவிசையும் இந்தத் தட்டின் மீது அழுத்தமாக இறங்குகின்றன.

முதுகெலும்பின் இரு பக்கங்களிலும், தலையின் அடிப்பகுதி முதல் இடுப்பு வரை, நீண்ட தசைக்கற்றைகள் செல்கின்றன. குனிந்த உடலை நிமிர்த்துவதும், குனியும்போது உடல் முன்னே விழாமல் பிடித்துக்கொள்வதும் இவற்றின் பணி. இவற்றுக்கு அடியில் ஒவ்வொரு முள்ளெலும்பையும் அடுத்ததுடன் இணைக்கும் சிறு தசைகள் உள்ளன. முன்புறத்தில் வயிற்றுத் தசைகளும், கீழே பிட்டத் தசைகளும் தொடைத் தசைகளும் துணை நிற்கின்றன.

கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பு இடுப்புக்கூட்டுடன் இணையும் இடமே அதிகச் சுமை தாங்கும் இடமாகும். தட்டு பிதுங்குதல் இந்த இடத்திலும் அதற்கு மேலுள்ள தட்டிலுமே பெரும்பாலும் நிகழ்கிறது.

நெம்புகோல் விதி

கடப்பாரையால் பெரிய கல்லை நெம்பும்போது, கல்லுக்கு அருகில் ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுக்கிறோம். கை பிடிக்கும் பகுதி நீளமாகவும், கல்லைத் தாங்கும் பகுதி குட்டையாகவும் இருப்பதால், சிறிய விசையைக் கொண்டு பெரிய எடையை அசைக்க முடிகிறது.

முதுகிலும் ஒரு நெம்புகோல் உள்ளது. ஆனால் அது கடப்பாரைக்கு நேர்மாறாக அமைந்தது. இங்கு முட்டுக் கல்லின் இடத்தில் கீழ்முதுகின் தட்டு உள்ளது. அதற்குப் பின்னால், ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. தொலைவில், முதுகுத் தசைகள் இழுக்கின்றன. முன்னால், கைகளில் உள்ள சுமை 30, 45 அல்லது 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது. தசையின் பக்கம் குட்டையாகவும் சுமையின் பக்கம் நீளமாகவும் உள்ளதால், சிறிய சுமையைத் தாங்குவதற்கும் தசைகள் பல மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியுள்ளது.

மேலும், தலை, கைகள், மார்பு, வயிறு ஆகியவை சேர்ந்த மேலுடலும் ஒரு சுமையே. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு கீழ்முதுகுக்கு மேலே உள்ளது. நிமிர்ந்து நிற்கும்போது இந்த எடை முதுகெலும்பின் மேல் நேராக இறங்குகிறது. குனியும்போது முன்னே நகர்ந்து நெம்புகோலின் நீண்ட பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது.

ஒரு தண்ணீர் கேனைக் கொண்டு கணக்கிடுதல்

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதாகக் கொள்வோம். தண்ணீரின் எடை 20 கிலோ. அவரது மேலுடலின் எடை 36 கிலோ. தசைகள் தட்டிலிருந்து 6 செ.மீ. பின்னால் இழுக்கின்றன. எடையை அதன் தொலைவால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, 6 ஆல் வகுத்தால் தசைகள் செலுத்த வேண்டிய விசை கிடைக்கும். ஒரு கிலோ எடையைத் தாங்கத் தேவையான விசையை இங்கு 'ஒரு கிலோ' என்றே குறிப்பிடுகிறோம். இது எளிமைப்படுத்தப்பட்ட கணக்கு. உடலின் அளவைப் பொறுத்து விடைகள் மாறும். ஆனால் நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை இது தெளிவாகக் காட்டும்.

• கையில் எதுவும் இன்றி நிமிர்ந்து நிற்றல்: மேலுடலின் எடை 2 செ.மீ. மட்டுமே முன்னால் உள்ளது. தசை விசை ஏறத்தாழ 12 கிலோ.

• கையில் எதுவும் இன்றி நன்றாகக் குனிதல்: மேலுடலின் எடை 25 செ.மீ. முன்னால் வருகிறது. 36 × 25 = 900; அதனை 6 ஆல் வகுக்க 150 கிலோ.

• அதே நிலையில், 45 செ.மீ. முன்னால் உள்ள கேனைத் தூக்குதல்: 900 உடன் 20 × 45 = 900 சேர்கிறது. தசை விசை 300 கிலோ.

• முழங்காலை மடித்து, கேனை இரு கால்களுக்கு இடையே வைத்துத் தூக்குதல்: மேலுடல் 15 செ.மீ., கேன் 30 செ.மீ. முன்னால் உள்ளன. தசை விசை 190 கிலோ.

• நிமிர்ந்து நின்று கேனை வயிற்றோடு அணைத்துப் பிடித்தல்: கேன் 25 செ.மீ. முன்னால் உள்ளது. தசை விசை ஏறத்தாழ 95 கிலோ.

• நிமிர்ந்து நின்று கையை நீட்டிக் கேனைப் பிடித்தல்: கேன் 60 செ.மீ. முன்னால் உள்ளது. தசை விசை ஏறத்தாழ 212 கிலோ.

கடைசி இரண்டு நிலைகளிலும் எடை ஒன்றே, நிற்கும் முறையும் ஒன்றே. கேன் உடலிலிருந்து விலகியதால் மட்டுமே தசைகளின் வேலை இரு மடங்குக்கு மேல் உயர்கிறது.

இரண்டாவது நிலையையும் கவனிக்க வேண்டும். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தாலும், முதுகுத் தசைகள் 150 கிலோ விசையுடன் இழுக்கின்றன. நாள் முழுவதும் மூட்டை சுமந்தவருக்கு மாலையில் செருப்பை எடுக்கக் குனியும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது இதனால்தான். செருப்பின் எடை அதற்குக் காரணம் அன்று. களைத்துப்போன தசைகள், குனிந்த மேலுடலைத் தாங்க முடியாமல் போவதே காரணம்.

உடலில் நேரடியாக அளந்த முடிவுகள்

தட்டின் உள்ளே உள்ள அழுத்தத்தை ஊசி வடிவக் கருவியைக் கொண்டு அளக்க முடியும். சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவ வல்லுநர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் இத்தகைய அளவீடுகளைத் தொடங்கினார். 1999 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர் வில்கேயும் அவருடைய குழுவினரும், நலமுடன் இருந்த ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகுத் தட்டில் நுண்ணிய அழுத்தமானியைப் பொருத்தி, அன்றாடச் செயல்களின்போது அழுத்தத்தை அளந்தனர்.

நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோ எடையை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல். அதே எடையை முழங்காலை மடித்துத் தூக்கியபோது 1.7. உடலோடு அணைத்துப் பிடித்தபோது 1.1. மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒரே ஒருவரிடம் செய்யப்பட்ட அளவீடாயினும், மேலே கண்ட கணக்கு காட்டும் வரிசையிலேயே இந்த அளவுகளும் அமைந்துள்ளன.

விசையை மேலும் கூட்டும் காரணிகள்

திடீரெனத் தூக்குதல்: சுமையை வெடுக்கென்று இழுத்துத் தூக்கினால், அதனை வேகப்படுத்தவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. மூட்டைக் கணக்கில் கூலி பெறுவோர் அவசரமாகத் தூக்கும்போது இது நிகழ்கிறது.

திரும்பிக்கொண்டே தூக்குதல்: கால்களை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பிச் சுமையை வைத்தால், ஒரு பக்கத் தசைகளும் அவற்றுக்கு எதிரான தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. தட்டின் நார்வளையம் முறுக்கப்படுகிறது.

ஒரே கையில் சுமத்தல்: ஒரு கையில் வாளியைத் தூக்கினால், எதிர்ப்பக்கத் தசைகள் உடலைச் சாயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதே தண்ணீரை இரண்டு வாளிகளில் பாதி பாதியாகப் பிரித்து இரு கைகளிலும் தூக்கினால், பக்கவாட்டு இழுவைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும்.

முழுமையாகக் குனிந்தே இருத்தல்: உடல் முழுவதும் குனிந்து தொங்கும் நிலையில், வெளிப்புற முதுகுத் தசைகள் செயலற்று ஓய்ந்துவிடுகின்றன என்பது 1950களிலேயே கண்டறியப்பட்டது. அப்போது சுமை தசைநார்களுக்கும் தட்டின் பின்பகுதிக்கும் மாறுகிறது. களை எடுப்பவர், நாற்று நடுபவர் ஆகியோர் இந்நிலையில் நெடுநேரம் இருந்துவிட்டு உடனே சுமை தூக்கக் கூடாது. ஓரிரு நிமிடங்கள் நிமிர்ந்து நடந்த பிறகே தூக்க வேண்டும்.

அதிகாலை நேரம்: இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. எனவே எழுந்தவுடன் குனியும்போது அவற்றின் மீதும் தசைநார்கள் மீதும் இழுவை கூடுதலாக இருக்கும். ஏற்கெனவே இடுப்புவலி உள்ளவர்கள், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவதையும் கனமான சுமை தூக்குவதையும் தவிர்ப்பது நல்லது.

எவ்வளவு எடை தூக்கலாம்?

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம், கீழ்முதுகுத் தட்டின் மீது 3,400 நியூட்டன் வரையிலான அழுத்தத்தை எச்சரிக்கை எல்லையாகக் கொண்டுள்ளது. இது ஏறத்தாழ 347 கிலோவுக்குச் சமம். நம் கணக்கில், குனிந்து தண்ணீர் கேன் தூக்குபவரின் தசை விசை 300 கிலோ. எடைகளின் நேரடி அழுத்தத்தையும் சேர்த்தால் தட்டின் மீது ஏறத்தாழ 330 கிலோ இறங்குகிறது. அதாவது, ஒரு தண்ணீர் கேனே அந்த எல்லையை நெருங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையம் மண்டிகளில் வழக்கமான 45 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை ஒருவரே அதே முறையில் தூக்கினால், தசை விசை மட்டும் 480 கிலோவைத் தாண்டும்.

அதே நிறுவனம், மிகச் சாதகமான சூழ்நிலையில் தூக்கத்தக்க எடையாக 23 கிலோவைக் குறிப்பிடுகிறது. சுமை உடலுக்கு அருகில், இடுப்பு உயரத்தில், நல்ல கைப்பிடியுடன் இருக்க வேண்டும். உடலைத் திருப்பக் கூடாது. அடிக்கடி தூக்கவும் கூடாது. இவற்றில் எது குறைந்தாலும் எடையையும் குறைக்க வேண்டும். வீட்டு எரிவாயு உருளை நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதனைத் தூக்காமல் இருவராகவோ உருளைத் தள்ளுவண்டியிலோ நகர்த்துவதே முறை. நேந்திரன் வாழைத்தார் பொதுவாக 12 முதல் 15 கிலோ இருக்கும். ஒரு தாரைத் தூக்குவது எளிதாகத் தோன்றினாலும், ஒரு நாளில் நூறு தார்கள் என்னும்போது தசைகள் களைத்துவிடும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967 ஆம் ஆண்டில் அதிகபட்ச எடை குறித்த உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனுடன் வெளியான பரிந்துரை, வயது வந்த ஆண் தொழிலாளர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் இதனினும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையை 2010 ஆம் ஆண்டில் ஏற்றது. 55 கிலோ என்பது மேல் எல்லை. அது பாதுகாப்பான எடை என்று பொருள் கொள்ளக் கூடாது.

சுமை தூக்கும் முறை

1. முதலில் சுமையைச் சற்று அசைத்து அதன் எடையை அறிந்துகொள்ளுங்கள். எதிர்பாராத எடை, தசைகள் தயாராகும் முன்பே முதுகைத் தாக்கும்.

2. சுமைக்கு மிக அருகில் செல்லுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முடிந்தால் சுமை இரு கால்களுக்கு இடையே வரும்படி நில்லுங்கள்.

3. முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடித்துத் தாழுங்கள். முதுகு முழுவதுமாக வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, சுமையை உடலோடு அணைத்த பிறகு, வயிற்றுத் தசைகளை இறுக்கி, சீராக எழுங்கள்.

5. திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

6. இறக்கி வைக்கும்போதும் இதே முறையைப் பின்பற்றுங்கள். இறக்கும்போதும் தசைகளின் மீது பெரும் விசை உள்ளது.

முழங்காலை மடிப்பது எல்லா வேளையிலும் பயன் தராது. அகலமான மூட்டை, நீண்ட வாழைத்தார் போன்றவை கால்களுக்கு இடையே நுழையா. அப்போது உட்கார்ந்து தூக்கினால் முழங்கால்கள் சுமையை முன்னே தள்ளிவிடும். தசை விசை கூடிவிடும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களாலும் அப்படி எழ முடியாது. இத்தகைய சுமைகளை இருவராகத் தூக்குங்கள், அல்லது சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். எந்த முறையில் தூக்கினாலும், சுமையை முதுகெலும்புக்கு அருகில் கொண்டுவருவதே அடிப்படை விதி.

தூக்கும் முறையைவிடத் தூக்கும் இடம் முக்கியம்

சரியான முறையில் தூக்கும் பயிற்சியை மட்டும் அளிப்பதால் இடுப்புவலி குறைவதில்லை என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. களைப்பும் அவசரமும் வந்தவுடன் பயிற்சி மறந்துபோகும். எனவே சுமையையும் பணியிடத்தையும் மாற்றுவது அதிகப் பயன் தரும்.

நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். தலைச்சுமையுடன் நடப்பவர், குனியாமலும் பிறர் உதவியின்றியும் சுமையை அதன் மேல் இறக்கி இளைப்பாறி, மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. தலையிலோ தோளிலோ உள்ள சுமை முதுகெலும்புக்கு ஏறத்தாழ நேர்மேலே இருப்பதால், நடக்கும்போது முதுகுத் தசைகளின் வேலை குறைவு. ஆனால் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் நேரத்திலும், தரையில் இறக்கும் நேரத்திலும் விசை உச்சத்தை அடைகிறது. சுமைதாங்கிக் கல் அந்த இரண்டு வேளைகளிலும் முதுகைக் காத்தது. அதே வேளையில், தலைச்சுமை கழுத்து எலும்புகளை அழுத்தும். சும்மாடு வைத்துக்கொண்டாலும் இந்த அழுத்தம் குறையாது என்பதால், கழுத்துவலி உள்ளவர்கள் தலைச்சுமையைத் தவிர்க்க வேண்டும்.

இக்கருத்தை இன்றும் பின்பற்றலாம்:

• மூட்டைகளையும் டிப்பர்களையும் தரையில் வைக்காமல், முழங்காலுக்கு மேல் உயரமுள்ள மேடையில் அடுக்குங்கள்.

• தலையிலோ தோளிலோ ஏற்றும்போது இருவர் தூக்கிவிடட்டும்.

• தண்ணீர் கேனை முக்காலியின் மேல் வையுங்கள். பெரிய கேனிலிருந்து சிறு பாத்திரத்தில் பிடித்துப் பயன்படுத்துங்கள்.

• தோட்டத்தில் தள்ளுவண்டியைப் பயன்படுத்துங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவது பெரும்பாலும் நல்லது.

• கனமான பணியையும் இலேசான பணியையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இடுப்புப் பட்டை பாதுகாப்பு அளிக்குமா?

இடுப்புப் பட்டை கட்டினால் அதிக எடை தூக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 2000 ஆம் ஆண்டில் வெளியான, ஆயிரக்கணக்கான கடைப் பணியாளர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு, பட்டை அணிந்தோருக்கும் அணியாதோருக்கும் இடையே இடுப்புவலியிலோ காயங்களிலோ வேறுபாடு இல்லை என்று கண்டது. பட்டை, சுமையின் தொலைவைக் குறைப்பதில்லை. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகப் பரிந்துரைத்தால் மட்டும், அவர் கூறும் காலம் வரை அணியுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

பக்கவாதம், எலும்பு முறிவு, முதுமை ஆகியவற்றால் படுக்கையில் உள்ளவரைக் கவனிப்போர், சுமைப்பணித் தொழிலாளருக்கு இணையான விசையைத் தாங்குகின்றனர். மனித உடலுக்குக் கைப்பிடி இல்லை, அது அசையும், கட்டிலின் குறுக்கே எட்டித் தூக்க வேண்டியுள்ளது. இதனால் நோயாளியைக் கையால் தூக்குவதற்கான எல்லையை வல்லுநர்கள் 16 கிலோ என்றே கூறுகின்றனர். எந்த வயது வந்த நோயாளியையும் ஒருவர் தனியாகத் தூக்குவது இந்த எல்லையைத் தாண்டிவிடும். எனவே நோயாளியைத் தூக்குவதற்குப் பதிலாக நகர்த்தும் வழிகளை நாடுங்கள்.

• கட்டிலின் உயரத்தைச் செங்கல் அல்லது மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். கட்டில் ஆடாமல் இருப்பதை உறுதி செய்யுங்கள். நோயாளி தாமாக இறங்கி நடப்பவராயின் உயர்த்த வேண்டாம்; அவர் விழக்கூடும்.

• நோயாளியை மேலே நகர்த்த, அவருக்குக் கீழே நான்காக மடித்த விரிப்பை இட்டு, இரு பக்கமும் இருவர் பிடித்து விரிப்போடு இழுங்கள். கால் மடக்க முடிந்தவரை, பாதத்தைப் படுக்கையில் ஊன்றித் தாமும் உந்தச் சொல்லுங்கள்.

• எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், ஒரு முழங்காலைக் கட்டிலின் மேல் ஊன்றி நோயாளிக்கு அருகில் செல்லுங்கள்.

• உட்கார வைக்க, முதலில் பக்கவாட்டில் ஒருக்களித்துப் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிய பின் எழுப்புங்கள். இறங்கும் கால்களின் எடையே மேலுடலை எழுப்ப உதவும்.

• சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் வைத்து அதன் தடையைப் பூட்டுங்கள். அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, முன்னே சாயச் சொல்லி, அவருடைய இடுப்பை உங்கள் உடலோடு சேர்த்துப் பிடித்து எழுப்புங்கள். பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

• உங்கள் கழுத்தைக் கட்டிப் பிடிக்க நோயாளியை அனுமதிக்காதீர்கள். பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவக்கூடும்.

உதவிக்கு ஆளை அழைப்பது கடமையில் குறைவு ஆகாது. பராமரிப்பவர் படுத்துவிட்டால் நோயாளியைக் கவனிக்க எவரும் இல்லாமல் போகும்.

வலி வந்த பின் செய்ய வேண்டியவை

சுமை தூக்கிய பின் வரும் திடீர் இடுப்புவலி, பெரும்பாலும் தசையிலோ தசைநாரிலோ ஏற்பட்ட பிடிப்பாகும். இதனைப் பலரும் 'வாயுப் பிடிப்பு' என்று அழைக்கின்றனர். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் இது குணமடைகிறது. கடும் வலி உள்ள முதல் ஓரிரு நாள் சுமை தூக்குவதை நிறுத்துங்கள். ஆனால் நாள் முழுவதும் படுக்கையில் இருக்காதீர்கள். அசையாமல் கிடந்தால் தசைகள் வலுவிழந்து, குணமடைவது தாமதமாகும். தாங்கக்கூடிய அளவில் நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும்.

முதுகில் ஏறி மிதித்தல், பலமாக முறுக்கிச் சுளுக்கு எடுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மருந்துக் கடையில் வலி மாத்திரையைத் தாமாக வாங்கி நாள்கணக்கில் உட்கொண்டால், இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படக்கூடும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளவே கூடாது.

வலி குறைந்த பின், முதுகு, வயிறு, பிட்டம் ஆகியவற்றின் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு தொடர்ந்து செய்யுங்கள். முதுகெலும்பு வலுவான உறுப்பு. ஒருமுறை வலி வந்ததால் வாழ்நாள் முழுவதும் குனியவோ தூக்கவோ கூடாது என்று அஞ்ச வேண்டியதில்லை. சிறிய எடையில் தொடங்கி, சுமையை உடலுக்கு அருகில் வைத்து, படிப்படியாகப் பழைய பணிக்குத் திரும்பலாம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்

• பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உட்பகுதி ஆகிய இடங்களில் மரத்துப்போதல்

• காலில் வலு குறைந்துகொண்டே வருதல், பாதத்தைத் தூக்க முடியாமை

• கீழே விழுந்த பின், அல்லது விபத்துக்குப் பின் வந்த கடும் வலி

முதல் மூன்றும், பிதுங்கிய தட்டு நரம்புகளை நெருக்குவதைக் குறிக்கக்கூடும். சிகிச்சை சில மணி நேரம் தாமதித்தாலும் பாதிப்பு நிலைத்துவிடலாம். எனவே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

கீழ்க்கண்டவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள்: காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், இரவில் ஓய்விலும் குறையாத வலி, முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் இருந்தமை, ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும்போதே முள்ளெலும்பு நொறுங்கக்கூடும். அவர்களுக்கு வரும் திடீர் முதுகுவலியைச் சாதாரணப் பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது.

எங்கு உதவி பெறலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். காரமடை வட்டாரத்தினர் மேலதிகச் சிகிச்சைக்கு மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனைக்கும், சிறப்புச் சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், நடமாட இயலாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. நோயாளியை நகர்த்தும் முறையை வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை: சுமையை நெருங்குங்கள், உடலோடு அணையுங்கள், பாதங்களால் திரும்புங்கள், தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள், பெரிய சுமைக்கு இன்னொருவரை அழையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை மருத்துவரிடம் பெறுங்கள்.